ஒரே டப்பாவில் இரண்டு அட்டைகள்

"யோலானா பென்கோவா" என்று எல்லைச் சோதனையில் நின்ற பெண் அதிகாரி இரண்டாம் முறையும் கூப்பிட்டார். வேனுக்குள் ஆறு பெண்கள் இருந்தோம். யாரும் பதில் சொல்லவில்லை. மற்றவர்களைப் போல நானும் கழுத்தைத் திருப்பிப் பின் இருக்கையைப் பார்த்தேன். யோலானா இங்கே எங்கே வந்தாள், அவள் ஹைன்பர்க் பக்கத்தில் விம்மர் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும், நான் போய் இறங்கினால்தானே அவள் கிளம்பவே முடியும் என்றுதான் நினைத்தேன். மற்ற ஐந்து பேருக்கும் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, மிச்சம் இருப்பது நான் மட்டும்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நாங்கள் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் எங்கள் வீட்டில். ஒரு முதியவருக்கு இரண்டு பெண்கள், முறை வைத்து. வியாழக்கிழமைதோறும் இந்த வேன் எல்லையைத் தாண்டி ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருத்தியை இறக்கிவிட்டு இன்னொருத்தியை ஏற்றிக்கொள்ளும். இந்த வேலைக்கு வந்து எனக்கு ஆறு வருடம். கொரோனா நாட்களைக் கழித்துவிட்டால், இந்த எல்லையில் எங்களை யாரும் கை காட்டி நிறுத்தியதே இல்லை. பழைய கூரை ஒன்றும் காலியான கண்ணாடி அறை ஒன்றும் இருக்கும். அதைப் பார்த்ததும் 'இன்னும் அரை மணி நேரம்' என்று செருப்பை மாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். இந்த இலையுதிர் காலத்தில், வேறு யாரையோ தேடுவதற்காக, மறுபடி சோதனை போட்டிருந்தார்கள். டிரைவர் லூபோஷ் எல்லோர் அட்டையையும் மொத்தமாக வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினான். நானும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், பார்க்காமலே. அதைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்றோ. எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் இருப்பவள் என்னோடு படித்தவள். அவள் என் முகத்தைப் பார்ப்பாள், அட்டையைக் கேட்க மாட்டாள்.

"இது நீங்க இல்லியே" என்றார் அதிகாரி. நாற்பது வயது இருக்கும். சட்டையில் ராட்ல் என்று பெயர். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. "முடி மட்டும்தான் ஒரே மாதிரி இருக்கு."

முடி ஒரே மாதிரிதான் இருக்கும். காரணம் விம்மர் ஐயா. அவருக்கு எண்பத்தாறு வயது. திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். உடம்பு இன்னும் திடம்தான், நினைவுதான் நழுவுகிறது. முதல் வருடம், ஆள் மாறும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் 'யார் இவ, வெளிய போகச் சொல்லு' என்று கத்துவார். இரண்டு நாள் சாப்பிட மாட்டார். அவருடைய மகள் கிராட்ஸ் நகரத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, 'நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்துட முடியாதா' என்று அழாத குறையாகக் கேட்டாள். எனக்கும் யோலானாவுக்கும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே அகலம். ஒரே பிளம் பழச் சிவப்பில் சாயம் வாங்கினோம். அவள் பாதிக் குழாயைப் பூசிக்கொண்டு மீதியைக் குளியலறை அலமாரியில் எனக்கு விட்டுப் போவாள். ஒரே நீல மேலங்கி. அவர் எங்கள் இருவரையும் 'ரேஸி' என்றுதான் கூப்பிடுவார். அந்த ரேஸி யார் என்று மகளுக்கும் தெரியாது. பதினோரு மணிக்கு அவர் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் வேன் வரும். அவர் கண் விழிக்கும்போது ரேஸி அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இப்படியே ஐந்து வருடம். அவர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே இழுப்பறை. இழுப்பறைக்குள் ஒரு பழைய காப்பி டப்பா. வந்ததும் அடையாள அட்டையையும் ஊர் வீட்டுச் சாவியையும் அதில் போட்டுவிடுவோம். கிளம்பும்போது எடுத்துக்கொள்வோம். நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்பது மாதத்துக்கு இரண்டு முறை, கால் மணி நேரம். அதற்குள் மாத்திரை, மலச்சிக்கல், புது டாக்டர், யார் வீட்டில் என்ன எல்லாவற்றையும் கிசுகிசுவென்று பேசி முடிக்க வேண்டும். போன முறை வேன் தாமதம். லூபோஷ் ஹாரன் அடிக்கிறான், விம்மர் ஐயா உள்ளே புரண்டு படுக்கிறார். யோலானா தன் அட்டையைப் போட்டாள், நான் மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு வாரம் அவளுடைய முகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்திருக்கிறேன்.

வேறு எந்த வியாழக்கிழமையாக இருந்திருந்தாலும் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அன்று மத்தியானம் மூன்று இருபதுக்கு யோலானா வியன்னாவிலிருந்து டப்ளினுக்கு விமானம் ஏற வேண்டும். அவளுடைய மகள் அங்கே மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறாள். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், இது மூன்றாவது. மறுநாள் காலை பிரசவத்துக்கு நேரம் குறித்திருந்தார்கள். கூட யாரும் இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் மூன்றாம் மாதத்திலேயே விட்டுப் போய்விட்டான். 'அம்மா, இந்தத் தடவ நீ வந்துடு' என்று மகள் கேட்டதை யோலானா என்னிடம் சொன்னது அந்தக் கால் மணி நேரங்களில் ஒன்றில்தான். மகளைப் பார்த்து நான்கு வருடம். வாழ்க்கையில் முதல் விமானம். அதற்கு அவளுக்குத் தேவை இந்த அட்டை ஒன்றுதான், வேறு எதுவும் வேண்டாம். அது இப்போது ராட்லின் கையில் இருந்தது.

"அடுத்தவங்க அட்டையக் காட்டி நாட்டுக்குள்ள வர்றது குற்றம், தெரியுமா?"

"நான் காட்டலீங்க, குடுத்தேன்" என்றேன். உளறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். டப்பாவைப் பற்றி, சாயத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினேன். என் ஜெர்மன் தலையணை, சூப்பு, கழிப்பறை, முதுகுவலி இவற்றுக்குத்தான் நன்றாக வரும். பக்கத்தில் நின்ற பருத்த போலீஸ்காரர், "திருப்பி அனுப்பிடலாம், வேலை முடிஞ்சுது" என்றார். நான் திரும்பிப் போனால் விம்மர் ஐயாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. யோலானா அவரை விட்டுவிட்டு வாசல் தாண்ட முடியாது. தாண்டினாலும் கையில் அட்டை இல்லை.

ராட்ல் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு கோப்பைப் புரட்டினார். "இருங்க. ஸ்லோவாக் குடிமகள்னு சொல்றாங்க. அது நிஜமா இருந்தா சும்மா திருப்பி அனுப்ப முடியாது. அட்டைய வரவழைக்கவோ, வேற ஏதாவது வழில நிரூபிக்கவோ, நியாயமான வாய்ப்பு எல்லாம் குடுத்துப் பாக்கணும். அதுக்கு அப்புறம்தான் மத்தது." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க அட்டை எங்க இருக்கு?" என்றார்.

அந்த நிமிடத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். இந்த ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி எங்கள் ஊரில் நல்லதாக நான்கு வார்த்தை சொல்கிறவர்கள் குறைவு. வெள்ளரிக்காயின் நீளத்தைக்கூட அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள் என்பார்கள். ஆனால் எங்கேயோ ஓர் அறையில், என்னைப் போல அவசரத்தில் தப்பாக எடுத்துக்கொண்டு ஓடுகிற ஒருத்தியை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார். உடனே விரட்டாதே, அவளுக்கு ஒரு வழி விடு என்று சட்டத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கிண்ணம் சூப்பு கடன்பட்டிருக்கிறேன். எந்த நாட்டு அட்டையும் இல்லாமல் அதே சாலையில் வருகிறவர்களுக்கு அந்த வரி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனாலேயே அது கிடைத்ததை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

யோலானாவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"டப்பாவுல யார் அட்டை இருக்கு, பாரு."

"ஏண்டி, எங்க இருக்க? வேன் லேட்டா? நான் மூணு மணியிலேர்ந்து முழிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"முதல்ல பாரு."

இழுப்பறை திறந்தது, மூடி கழன்றது, மூக்குக் கண்ணாடியைத் தேடினாள்.

"இதுல உன் மூஞ்சி இருக்கு" என்றாள். "என் மூஞ்சி எங்கடி?"

"போலீஸ்கிட்ட."

லூபோஷ் போய் அட்டையை வாங்கி வருகிறேன் என்றான். ராட்ல் முடியாது என்று தலையை ஆட்டினார். என் அட்டையை அவன் கொண்டுவரலாம், ஆனால் யோலானாவின் அட்டையை யோலானாவின் கையில்தான் கொடுப்பேன், அவள் முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்றார். அது நியாயம்தான். அப்படியென்றால் யோலானா இங்கே வர வேண்டும். அவள் வந்தால் விம்மர் ஐயாவைத் தனியாக விட முடியாது, அவரும் வர வேண்டும். அவர் வந்தால் எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்துவிடுவார்.

"ஐயோ, வேணாம்" என்றாள் யோலானா, ஃபோனில். "அஞ்சு வருஷமா கட்டிக் காத்தது. ரெண்டு பேரையும் பாத்தா மறுபடி பழைய மாதிரி ஆயிடுவாரு. நான் போகல. மககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"பைத்தியமே, கிளம்பு" என்றேன். "அவரு கத்தினா எங்கிட்டதான கத்தப் போறாரு, உனக்கென்ன." சொல்லிவிட்டேனே தவிர, பயமாக இருந்தது. சோற்றைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த விம்மர் ஐயாவை நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வேன் முதலில் விம்மர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். மற்ற ஐந்து பெண்களுக்கும் ஐந்து வீடுகளில் ஐந்து பேர் பெட்டியோடு வாசலில் காத்திருந்தார்கள். லூபோஷ் அவர்களைப் பார்த்தான். பின் இருக்கையில் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கும் வில்மா, ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், ஃபோனை எடுத்தாள். "நான் வர லேட்டாகும். ஒண்ணும் சாகலை, உக்காரு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தாள். "போடா" என்றாள் லூபோஷிடம். மற்றவர்களும் ஃபோனை எடுத்தார்கள். வேன் கிளம்பியது. நான் மட்டும் இறங்கிக்கொண்டேன். வில்மாவுக்கு அன்று நன்றி சொல்லத் தோன்றவில்லை. பிறகு சொன்னபோது, எதற்கு என்று கேட்டாள்.

ஒரு தகரக் கொட்டகைக்குள் என்னை உட்கார வைத்தார்கள். ராட்ல் தன் குடுவையிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றினார். அவர் ஏதோ படிவத்தை நிரப்பினார். 'வேறு வழியிலான சான்று' என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் என்ன எழுதுவது என்று யோசித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவர எப்படித் தூக்குறீங்க, தனியாவா?" என்று கேட்டார். அது கட்டத்துக்கான கேள்வி இல்லை. அவருடைய அப்பா போன மாதம் இரண்டு முறை விழுந்துவிட்டாராம், தூக்கப் போய் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

ஜெர்மனில் அதைச் சொல்ல எனக்கு வராது. பருத்த போலீஸ்காரரைக் காட்டி, "அவர இந்த நாற்காலில உக்காரச் சொல்லுங்க" என்றேன். அவர் மறுத்தார். ராட்ல் பார்த்த பார்வையில் உட்கார்ந்தார். நூறு கிலோவுக்குக் குறையாது. அவருடைய பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்தேன், என் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தேன், இடுப்பு வாரைப் பின்னால் பிடித்து, அவர் தலையை என் தோளுக்கு மேலே சாய்த்து, "ஒண்ணு, ரெண்டு" என்று இரண்டு ஆட்டு ஆட்டி, மூன்றில் எழுப்பி நிறுத்தினேன். அவர் முகம் என் முகத்துக்கு அருகில் வந்து நின்றது. காது வரை சிவந்துபோனார்.

"தூக்கக் கூடாதுங்க" என்றேன் ராட்லிடம். "அவங்க எந்திரிக்கறதுக்கு நாம கூட இருக்கணும், அவ்வளவுதான்."

ராட்ல் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மினார். "இதுவே பெரிய சான்றுதான். படிவத்துல எழுத முடியாது" என்றார். பிறகு தானே ஒரு முறை செய்து பார்த்தார், பருத்தவரை வைத்து. இரண்டாம் முறை சரியாக வந்தது.

வேன் திரும்பி வந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. முதலில் யோலானா இறங்கினாள். விமானத்துக்கென்று வாங்கிய புதுக் காலணி, கையில் மகளுக்குச் செய்த கசகசா ரொட்டிப் பொட்டலம், வெளிறிய முகம். பின்னால் விம்மர் ஐயாவை லூபோஷும் வில்மாவும் இறக்கினார்கள். பைஜாமாவுக்கு மேலே கம்பளிக் கோட்டு, தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. யோலானா என் அட்டையை நீட்டினாள். ராட்ல் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்; மற்ற அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்றோம். வெளிச்சத்தில், அவசரமில்லாமல், அப்படி நாங்கள் நின்றதே இல்லை. அவள் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது, சில்லென்று இருந்தது.

விம்மர் ஐயா எங்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளை. நான் கத்தலுக்குத் தயாராக நின்றேன்.

"ரெண்டு பேரா?" என்றார்.

யோலானாதான், "ஆமாங்க ஐயா. ரெண்டு பேரு" என்றாள்.

"ஒருத்தி இங்க இருக்கறப்ப இன்னொருத்தி?"

"வீட்டுக்குப் போயிடுவோம். எங்க வீட்டுக்கு."

அவர் தொப்பியைக் கழற்றினார். அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். கண்ணில் தண்ணீர் நின்றது. "வீடு இருக்கா" என்றார். "நான் என்ன நெனச்சேன்... இந்தப் பொண்ணு ஒரு நாள்கூட லீவு எடுக்கல, ஒரு ஞாயித்துக்கிழமை வெளிய போகல, இவளுக்கு யாருமே இல்ல போலன்னு. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. ராத்திரியெல்லாம் அதையே நெனச்சிட்டுப் படுத்திருப்பேன்."

அவருக்கு நிம்மதி வேண்டும் என்று நாங்கள் ஒருத்தியானோம். அந்த ஒருத்திக்காக அவர் இவ்வளவு காலம் கவலைப்பட்டிருக்கிறார். நான் அழுதேன். வெட்கப்படவில்லை. வில்மாகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

ராட்ல் யோலானாவின் அட்டையை அவளிடமும் என்னுடையதை என்னிடமும் கொடுத்தார். "டப்ளினா? உள்ள போறப்பவும் இதையே காட்டுங்க. போதும்" என்றார். அட்டையைக் கொடுத்த பிறகும் அவளுடைய கையை ஒரு நொடி விடவில்லை. "பொண்ணா பையனா?" என்று கேட்டார். யோலானா தெரியாது என்று தலையசைத்தாள். நான் அந்த அதிகாரியை அதன் பிறகு பார்க்கவில்லை. அவருடைய அப்பா விழாமல் இருக்க வேண்டும் என்று அவ்வப்போது வேண்டிக்கொள்கிறேன்.

வேனில் விம்மர் ஐயா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். வழியெல்லாம் யோலானாவிடம் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கே போகிறாய், மகளுக்கு எத்தனை வயது, கடலைத் தாண்டித்தான் போக வேண்டுமா. அவள் சொல்லச் சொல்ல மறுபடி முதலிலிருந்து கேட்டார். அவளும் முதலிலிருந்து சொன்னாள். எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வேன் அவளை ரயிலில் ஏற்ற ஹைன்பர்க் நிலையத்துக்குப் போயிற்று. ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அவர் சாப்பிட்டார். முழுத் தட்டும் சாப்பிட்டார், நடுவில் ஒரு முறை, "அவ சாப்பிட்டாளா?" என்றார். நான் என் அட்டையைக் காப்பி டப்பாவில் போட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, எடுத்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

விம்மர் ஐயாவின் கிராமத்துக்கு மேலேதான் விமானங்கள் போகும். திராட்சைத் தோட்டத்துக்கு மேலே, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, சில நாள் மூன்று நிமிடத்துக்கு ஒன்று. சத்தம் பழகிப்போய் நாங்கள் யாரும் தலை நிமிர்த்துவதில்லை. மூன்றரை மணிக்கு விம்மர் ஐயா கோட்டைக் கேட்டார், தொப்பியைக் கேட்டார், முற்றத்தில் நாற்காலியைப் போடச் சொன்னார். குளிருகிறது என்றேன். கேட்கவில்லை.

முதல் விமானம் வந்தது. அவர் தொப்பியைக் கழற்றி உயரத் தூக்கினார், அது கொடிகளுக்கு அப்பால் போகும் வரை தூக்கியபடியே வைத்திருந்தார்.

"ஐயா, அது அவ போற விமானம் இல்ல. அது எங்கயோ போகுது."

"உனக்குத் தெரியுமா எதுல இருக்கான்னு?"

தெரியாது என்றேன்.

"அப்ப சும்மா இரு" என்றார். அடுத்ததற்கும் தூக்கினார். அதற்கடுத்ததற்கும். கை நடுங்க ஆரம்பித்ததும் நான் பக்கத்தில் போய் நின்று முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்துக்கொண்டேன். மேகத்துக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் கிளம்பியது.